குடிசை நிற்கிற மண் யாருடையது?

சில மாசத்துக்கு முன்னால ஒரு கூட்டம். நிலம், கூலி, சாதி பற்றிப் பேச்சு. பேசினவர்களில் ஒரு தோழர், நல்லவர்தான், நம்ம ஆட்கள் அடிபட்ட இடத்துக்கெல்லாம் வந்து நிற்கிறவர், இப்படிச் சொன்னார்: "வீட்டுமனைப் பட்டா கேக்கறதெல்லாம் மனு குடுக்கற வேலைங்க. சலுகை அரசியல். சாகுபடி நிலத்தைக் கேளுங்க, அதுதான் புரட்சி. மூணு சென்டுல இன்னா அதிகாரம் வந்துடப் போவுது?" கூட்டம் கை தட்டியது. நம்ம பிள்ளைகளும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. எழுந்து பதில் சொல்லவும் இல்லை. அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

மூணு சென்டுல என்ன இருக்கு என்பதை எங்க நைனாவைக் கேட்டிருக்க வேண்டும். அவர் இப்போது இல்லை. அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கம் எங்க ஊர். ஊர் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். ஊர் அவங்களுடையது, எங்களுடையது சேரி. நாற்பது குடிசை. பாதி ஏரிப் புறம்போக்கில், பாதி பெரிய வீட்டுக்காரருடைய கொல்லையில். எங்க குடிசை அந்தக் கொல்லையில். எங்க தாத்தா அவங்க வீட்டுப் படியாள். படியாளுக்கு ஒரு மூலையைக் காட்டி "இருந்துக்கடா" என்பார்கள். அது தானமும் இல்லை, விலையும் இல்லை, வாடகையும் இல்லை. வெறும் வாய்வார்த்தை. அந்த வாய்வார்த்தையின் மேல்தான் எங்க குடும்பம் மூணு தலைமுறை மண்சுவர் வைத்தது, ஓலை வேய்ந்தது, பிள்ளை பெற்றது, செத்தது.

1992ஆம் வருஷம், மல்லாட்டை பிடுங்குகிற சமயம். கூலி அளக்கும்போது படி குறைகிறதே என்று எங்க பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தன் கேட்டுவிட்டான். பத்தாவது வரைக்கும் படித்தவன். கேட்ட குற்றத்துக்குக் களத்துமேட்டு வேப்பமரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். இடது காது அன்றோடு போனது. நைனா பத்தடி தள்ளி உட்கார்ந்து கோணி ஊசியால் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். யார் கட்டினது, யார் அடித்தது, என்ன சொல்லித் திட்டி அடித்தது, எல்லாம் பார்த்தார், கேட்டார்.

1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அப்போதுதான் அமலுக்கு வந்திருந்தது. டவுனில் ஒரு வக்கீல் விடாமல் நின்று அந்தச் சட்டத்தில் வழக்குப் போடவைத்தார். நைனா முக்கிய சாட்சி. போலீசில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். விசாரணைக்கு வர மூணு வருஷம் ஆனது. 1995. சாட்சி சொல்லப் போகிறதுக்கு முதல் நாள் சாயங்காலம் பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை சேரிக்கு வந்தார். மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இன்னாடா, கூரை மாத்தற காலம் வந்துடுச்சே. ஓலை வாங்கிட்டியா? வாங்காத. ஆண்டை அந்த எடத்துல போர் போடலாம்னு கீறாரு."

அவ்வளவுதான். நைனா "சரிங்க" என்றார். அவர் போன பிறகு அம்மா அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள். நான் அப்போது பிளஸ் டூ. ராத்திரி ரொம்ப நேரம் கழித்து நைனா என்னைக் கேட்டார்: "எங்கடா போறது?" படிக்கிற பிள்ளை பதில் வைத்திருப்பான் என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் கூண்டில் ஏறி, "நான் ஒண்ணும் பாக்கலீங்க. மூட்டை தச்சிக்கினு குனிஞ்சினு இருந்தேன்" என்றார். கோர்ட்டு பாஷையில் இதற்குப் பிறழ் சாட்சி என்று பேர். வழக்கு தள்ளுபடி. சாயங்காலம் அடிபட்ட பையனுடைய அம்மா, எனக்குப் பெரியம்மா முறை, எங்க வாசலில் வந்து நின்றாள். மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று பயந்தோம். அவள் சொன்னது இதுதான்: "உன்னை இன்னா சொல்றது? என் வூடும் அவங்க கொல்லையிலதான் கீது."

தோழரே, மூணு சென்டுல என்ன அதிகாரம் என்று கேட்டீர்களே, எங்க நைனாவின் நாக்கு அந்த மூணு சென்டில்தான் இருந்தது. அது ஆண்டையுடைய மூணு சென்டு. வன்கொடுமைச் சட்டத்தில் தண்டனை வராமல் போகிறதற்குப் பத்துக் காரணம் எழுதுகிறார்கள். புலன்விசாரணை சரியில்லை, சாட்சி பல்டி அடித்துவிட்டான் என்று. சாட்சி எந்த மண்ணில் படுத்து எழுந்து கோர்ட்டுக்கு வந்தான் என்று யாராவது கேட்டார்களா? இத்தனைக்கும் தலித்துக்குச் சொந்தமான நிலத்தை, ஒதுக்கின நிலத்தை ஆக்கிரமித்தாலும் பிடுங்கினாலும் குற்றம் என்று அதே சட்டம் சொல்கிறது. சொந்தமும் இல்லாமல் ஒதுக்கீடும் இல்லாமல் வாய்வார்த்தையில் குடியிருக்கிறவன் எந்தக் காகிதத்தைக் காட்டி அந்தப் பிரிவைக் கேட்பான்?

இது எங்க ஊர்க் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே அரசாங்கக் காகிதத்தில் ஏறின சங்கதி. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்கிற வெள்ளைக்காரர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதார்கள் நம்மை அடக்கி வைத்திருப்பது எப்படி என்று அவர் பார்த்தார். கழனி அவர்களிடம் இருப்பது ஒன்று. சேரி நிற்கிற மனைக்கட்டும் அவர்கள் பாத்தியதை என்பது இன்னொன்று. கூலி கேட்டால், வேறு ஆண்டையிடம் போனால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், "வூட்டைக் காலி பண்ணு" என்றால் போதும். சாட்டை எடுக்கவே வேண்டாம்.

அந்த அறிக்கையை ஒட்டி 1892 செப்டம்பர் 30ஆம் தேதி வருவாய்த்துறை அரசாணை 1010 வந்தது. தரிசு நிலத்தை நமக்கு ஒப்படை செய்யச் சொன்ன ஆணை. பஞ்சமி நிலம், டி.சி. நிலம், கண்டிஷன் பட்டா என்றெல்லாம் சொல்கிறோமே, அது இதுதான். கண்டிஷன் என்ன? பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் விற்க வேண்டும். மீறி வேறு சாதியார் கைக்குப் போனால் அரசாங்கம் அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. அதெல்லாம் இப்போது எங்கே? கல்யாணச் செலவுக்கு வாங்கின கடனுக்கு, ஒரு மூட்டை கேழ்வரகுக்கு, ஒரு கைநாட்டுக்குப் போய்விட்டது. 1979இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். நிலப்பதிவேட்டுத் திருத்தத்தின்போது அனுபவத்தில் இருக்கிறவன் பேரை எழுதுகிறேன் என்று பழைய கண்டிஷனைக் காணாமல் அடித்த இடங்கள் ஏராளம். எங்க பக்கத்தில் கிழவர்கள் கை நீட்டி "அதோ, அது நம்ம டி.சி." என்று காட்டுவார்கள். அங்கே யாருடைய பம்புசெட்டோ ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பம்புசெட்டும் இல்லை. கலர் கல் நட்டு பிளாட் போட்டிருக்கிறார்கள்.

இதைத் திருப்பிக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் பார்த்தோம். நைனா கூண்டில் ஏறுவதற்கு முந்தின வருஷம், எங்க ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் செத்தார்கள். அரசாங்கமே கொடுத்த நிலம், அரசாங்கமே போட்ட கண்டிஷன். அதை நிறைவேற்று என்று கேட்டதற்கு அரசாங்கத் துப்பாக்கி. கணக்குப்பிள்ளை "கூரை மாத்தாதே" என்று மெதுவாகச் சொன்னபோது எங்க குடிசையில் எல்லாருக்கும் அந்தச் சுடு ஞாபகம் இருந்தது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சட்டத்துக்குக் குறைச்சலே கிடையாது. குடியிருப்பிலிருந்து விவசாயத் தொழிலாளியை வெளியேற்றக்கூடாது என்று 1961இல் ஒரு சட்டம். கூலி நெல் கூடக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். அதற்குப் பிறகு 1971இல், குடியிருக்கிற மனையைக் குடியிருக்கிறவனுக்கே சொந்தமாக்குகிற சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். அது எங்க சேரிக்கு வந்த கதையையும் சொல்கிறேன். விசாரணைக்கு வந்தவர் எங்க தாத்தாவைக் கேட்டார். கர்ணம் பக்கத்தில் நின்றார், ஆண்டை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "இது மாட்டுக் கொட்டாய்ங்க. நான் ராத்திரியில மாட்டுக்குக் காவல் படுக்கறேன். குடியிருக்கல" என்று எங்க தாத்தா சொல்லி, கைநாட்டும் வைத்தார். அந்தக் குடிசையில் தொடர்ந்து இருக்க வேண்டுமானால், அது தன் குடிசை இல்லை என்று அவர் கைநாட்டு வைத்தாக வேண்டும். பேரனாகிய நான் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன், சின்ன வயசில். நைனா கூண்டில் ஏறின அன்றைக்குத்தான் தாத்தாவின் கைநாட்டு எனக்குப் புரிந்தது.

அடுத்தது 1978ஆம் வருஷத்துச் சட்டம். ஆதிதிராவிடருக்கு மனை, சுடுகாட்டுப் பாதை என்று கொடுப்பதற்காகத் தனியார் நிலத்தைச் சீக்கிரமாகக் கையகப்படுத்துவதற்கென்றே போட்டது. அதை எதிர்த்து நிலக்காரர்கள் உச்சநீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 1994இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பும் வந்தது. அதன் பிறகுதான் எங்க அம்மாவுக்கு ஒரு பட்டா வந்தது. மூணு சென்டு. தாலுகாவில் விழா, பந்தல், மைக்செட், போட்டோ. அம்மா அந்தக் காகிதத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நைனா கேட்டார்: "எடம் எங்க?" அது யாருக்கும் தெரியவில்லை. எந்த நிலத்தைக் கையகப்படுத்தினார்களோ அதன் சொந்தக்காரர் நோட்டீஸ் சரியில்லை என்று ஸ்டே வாங்கிவிட்டார். அளக்கவில்லை, கல் நடவில்லை, கிராமக் கணக்கில் ஏற்றவில்லை. ஆனால் பட்டா கொடுத்தாயிற்று. பயனாளிகள் பட்டியலில் எங்க அம்மா பேர் ஏறிவிட்டது. மறுபடி மனு கொடுக்கப் போனால், "ஒனக்குத்தான் ஏற்கெனவே குடுத்தாச்சேம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஒவ்வொரு வருஷமும் ஜமாபந்திக்கு அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். மடிப்பு கிழிந்ததும் டவுனுக்குப் போய்க் கண்ணாடிக் காகிதம் ஒட்டிக்கொண்டு வந்தாள். சர்வேயர் இல்லை என்பார்கள். பைல் மேலே போயிருக்கிறது என்பார்கள். செத்துப்போகிற வரைக்கும் அம்மா தன் மூணு சென்டில் ஒருநாள்கூடக் கால் வைக்கவில்லை. அது எந்தத் திசையில் இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு எந்த வீடு கட்டும் திட்டமானாலும், மத்திய அரசாங்கத்துடையதோ மாநில அரசாங்கத்துடையதோ, சொந்த மனைக்குப் பட்டா கொண்டுவா என்பதுதான் முதல் கேள்வி. ஆக, மண் இல்லாதவனுக்கு வீடும் கிடையாது.

சாதி இந்துக்கள் இங்கே ஒரு வார்த்தை சொல்வார்கள்: "ஒங்களுக்குத்தான் எல்லாம் ஃப்ரீயா குடுக்கறாங்களே." ஐயா, உங்க கொல்லை உங்க பாட்டன் பேரில் எப்படி வந்தது? ரயத்துவாரிப் பட்டா எழுதினபோது எங்க பாட்டன் அந்தக் கழனியில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தான். நட்டவன் பேர் எழுதப்படவில்லை, வரப்பில் நின்றவன் பேர் எழுதப்பட்டது. அன்றைக்கு நீங்கள் வாங்கினது இலவசம் இல்லையா? 1920களில் லேபர் கமிஷனர் இலாகா நமக்கு மனை வாங்கிக் கொடுத்தபோது, அதன் விலையைக் கடனாக எழுதி நம்மிடமே தவணையில் வசூலித்தது. காசு கட்டி மண் வாங்கின ஜனம் நாங்கள்.

மண் இல்லாததால்தான் எங்க அக்கா பட்டணத்துக்குப் போனாள். சென்னையில் ஆற்றங்கரைகளில், ரயில் தண்டவாளத்து ஓரங்களில் இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இப்படி ஏதோ ஒரு கொல்லையிலிருந்து கிளம்பினவர்களாக இருப்பார்கள். 2000 வாக்கில் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்று இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பம். அந்தப் புது இடங்களும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டின தாழ்வான பூமி, அடைமழை வந்தால் அங்கேயும் தண்ணீர்தான். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண்கள் இருபது, முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் தொங்க வேண்டும். கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. எட்டாவது மாடியில் காலுக்குக் கீழே மண் ஏது? குடிசை மாற்று வாரியத்தின் பேரை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பேர் அழகாக இருக்கிறது. கிராமத்தில் "சேரி" என்பதைக் "காலனி" ஆக்கின மாதிரி.

நல்ல மண் எல்லாம் போன பிறகு மிச்சம் இருக்கிற மண்தான் நமக்கு. பள்ளம், ஓடை, சுடுகாட்டு ஓரம், அடுத்தவன் மதில் ஓரம். 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஒரு பெரிய மதில் சரிந்து, அதன் அடியில் இருந்த வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். எல்லாரும் நம்ம ஜனம். மழையில் மதில் விழலாம். ஆனால் மதிலுக்குக் கீழே யார் படுத்திருக்க வேண்டும் என்பதை மழை முடிவு பண்ணவில்லை.

நம் ஆட்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. நிலம் என்று மேடையில் முழங்குகிற நம் தலைவர்களில் எத்தனை பேர் தன் கிராமத்து அ-பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார்கள்? கலெக்டரிடம் மனு கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டதோடு போராட்டம் முடிந்துவிடுகிறது. ஜமாபந்தி வரிசையில் நிற்கிறது எப்போதும் பொம்பளைதான். பட்டா ஆம்பிளை பேரில் வந்த வீடுகளில் குடிக்கும் கடனுக்கும் மனை போனதை எங்க சேரியிலேயே பார்த்தேன். போன பிறகு அதே ஆண்டைகளின் கொல்லைக்குத்தான் திரும்பிப் போனார்கள்.

ஆகவே தோழரே, கழனியும் வேண்டும், மனையும் வேண்டும். ஆனால் மனை முதலில் வேண்டும், ஏனென்றால் கழனி கேட்டுப் போராடுகிறவன் ராத்திரி திரும்பி வந்து படுக்க அவனை யாரும் எழுப்ப முடியாத ஒரு இடம் வேண்டும். கேட்பதை மனு மொழியில் கேட்காமல் கணக்கு மொழியில் கேட்போம். பட்டா விழா வேண்டாம். முதலில் அள, கல் நடு, கிராமக் கணக்கில் ஏற்று, அப்புறம் காகிதம் கொடு. அந்தக் காகிதம் பெண் பேரில் இருக்கட்டும். ஒவ்வொரு கிராமத்திலும் பழைய பதிவேட்டில் உள்ள டி.சி. நிலத்தின் சர்வே எண்களைச் சாவடியில் எழுதி ஒட்டு. அது தன்னுடையது என்று வைத்திருக்கிறவன் நிரூபிக்கட்டும், இழந்தவனை நிரூபிக்கச் சொல்லாதே. பட்டணத்தில் ஒரு குடிசையைத் தொடுவதற்கு முன், வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் மாற்று இடத்தைக் காட்டு.

இதையெல்லாம் எழுதுகிற நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டவுனில் ஒரு வாடகை வீட்டில். குடிவரும்போது வீட்டுக்காரர் "நீங்க எந்தப் பக்கம்? சொந்தக்காரங்கல்லாம் யாரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்டார். நானும் சுற்றி வளைத்துப் பதில் சொன்னேன். ரெண்டு பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அதனால்தான் எங்க ஊர்ப் பேரை இங்கே எழுதவில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் நான் எழுந்து பேசாததற்கும் காரணம் அதுதான். முன் வரிசையில் எங்க வீட்டுக்காரருடைய தம்பி உட்கார்ந்திருந்தார்.

தாத்தா கைநாட்டு வைத்தார். நைனா பார்க்கவில்லை என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மூணு தலைமுறையாக இதற்குப் பெயர் பயம் என்று நாங்களே நினைத்துக்கொண்டிருந்தோம். இல்லை, இது மனைப் பிரச்சினை. எங்க நைனா அன்றைக்குக் குனிந்துகொண்டிருக்கவில்லை. நிமிர்ந்துதான் இருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார்.